சிங்கம் இல்லாத காட்டில் ஒரு சிங்கக் காவியம்

அந்தக் காட்டில் சிங்கமே கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. எப்போதாவது ஒரு புலி வந்து ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். கரடி உண்டு, யானை உண்டு, நரிக்குக் குறைச்சலே இல்லை. சிங்கத்தை மட்டும் யாரும் கண்ணால் கண்டதில்லை.

ஆனால் குப்பாண்டி என்ற முள்ளம்பன்றி சிங்கத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தான். சும்மா கதை இல்லை, காவியம்! 'சிங்கப் பேரரசர் திக்விஜயம்' என்று பெயர். உடம்பிலிருந்து உதிர்ந்த முள்ளையே எழுத்தாணியாக வைத்துக்கொண்டு, பனை ஓலையில் கீறிக் கீறி எழுதினான். குப்பாண்டி என்ற பெயரில் காவியம் வந்தால் எவன் மதிப்பான்? அதனால் 'கூர்வாணன்' என்று தனக்குத்தானே ஒரு புனைபெயரும் சூட்டிக்கொண்டான். அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்ட ஒரே ஆள் அவனேதான்.

எழுதிவிட்டால் போதுமா? நாலு பேர் காதில் விழ வேண்டாமா? அதற்கு அந்தக் காட்டில் ஒரே வழிதான் இருந்தது. ஓடைக்கரை ஆலமரம் பழுக்கும் காலத்தில் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். கதை கட்டுகிறவர்கள் மரத்தடியில் நின்று படித்துக் காட்டுவார்கள். கிளிகளுக்குப் பிடித்துவிட்டால், கேட்டதைக் கேட்டபடி மனப்பாடம் செய்து, காடு முழுக்கப் பறந்து பறந்து சொல்லும். ஒரு சொல் கூட்டாது, ஒரு சொல் குறைக்காது. பழம் தீர்ந்ததும் கிளம்பி மற்ற காடுகளுக்கும் கொண்டுபோகும்.

பிடித்ததா இல்லையா என்று முடிவு செய்வது கிளிக்கூட்டத்தின் தலைவி பவளமூக்கி. கதை கேட்கும்போது அவள் ஒரு காலில் ஆலம்பழத்தைப் பிடித்துக்கொண்டு கொறிப்பாள். கதையில் மனசு ஒட்டிவிட்டால் பழத்தை மறந்துவிடுவாள். பழம் கீழே விழும். விழுந்தால் கதை ஏறிவிட்டது என்று அர்த்தம். விழாவிட்டால், போய்வா மகராசா!

குப்பாண்டிக்கு வீட்டில் வேறு நெருக்கடி. போன மழையில் அவர்கள் வளையின் ஒரு பக்கம் இடிந்து விழுந்திருந்தது. அடுத்த மழைக்குள் புது வளை தோண்டியாக வேண்டும். அவன் பெண்டாட்டி சடைச்சி ஒற்றை ஆளாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். இவனோ பக்கத்தில் ஓலையும் கையுமாக உட்கார்ந்து, "பிடரி... பிடரிக்கு எதுகையா என்ன வரும்?" என்று அவளையே கேட்பான்.

ஒருநாள் சடைச்சிக்குப் பொறுமை போய்விட்டது. முகம் முழுக்க மண்ணோடு வெளியே வந்தாள்.

"ஏங்க! ஒண்ணு சொல்றேன், நல்லா காதுல வாங்கிக்கங்க. இந்தப் பழம் தீர்றதுக்குள்ள கிளிங்க உங்க கதையை எடுத்துக்கிட்டா, நீங்க ஆயுசுக்கும் எழுதுங்க, நானே தோண்டிக்கிறேன். எடுத்துக்கலையா, அந்த முள்ளை ஒடிச்சுப் போட்டுட்டு மண்ணு தள்ள வந்துடணும். அதுக்கப்புறம் ஓலை, காவியம்னு பேச்சே இருக்கக் கூடாது!"

"சரி! என் முதுகு முள்ளு மேல சத்தியம்!" என்றான் குப்பாண்டி. கிளிகள் தன் காவியத்தைக் கேட்டு மயங்கி விழப்போகின்றன என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்புவதற்கு முன் அவளுக்கு முழுக் காவியத்தையும் படித்துக் காட்டினான். அவளும் வேலையை நிறுத்திவிட்டு, கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு தலையைச் சொறிந்தாள்.

"நல்லா இல்லைங்க."

"என்ன?"

"நல்லா இல்லை. ஆனா நேத்து ஓடையில மந்திக் கூட்டம் உங்களைத் தண்ணி குடிக்க விடாம அடிச்ச கூத்தை வந்து திட்டினீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாப் போச்சு. அந்த மாதிரி எழுதக் கூடாதா?"

"மண்ணு தோண்டுறவளுக்குக் காவியம் எங்க தெரியும்!" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்கி ராத்திரி நடமாடுகிறவை. கிளிகளோ பொழுது சாய்ந்தால் கூட்டில் அடைந்துவிடும். பவளமூக்கியைப் பார்க்க வேண்டுமானால் உச்சி வெயிலில்தான் போக வேண்டும். பாவம், தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே மரத்தடியில் காத்திருந்தான். முதலில் ஒரு அணில் தன் கொட்டைக் கதையைப் படித்தது. பிறகு ஒரு மைனா அழுது அழுது ஏதோ சொன்னது. கடைசியில் இவன் முறை வந்தது.

"அகிலமெல்லாம் அடிதொழும் அண்டசராசர அதிபதியாம், பொன்னிறப் பிடரி புரளும் பூபதியாம்..." என்று ஆரம்பித்தான்.

பவளமூக்கி பழத்தைக் கொறித்தாள். அது தீர்ந்ததும் இன்னொன்றைப் பறித்தாள். அதையும் தின்று முடித்துவிட்டு அலகைக் கிளையில் தேய்த்தாள்.

"ஏம்ப்பா, சிங்கத்தை நீ பார்த்திருக்கியா?"

"இல்லைம்மா."

"உங்க அப்பா?"

"அவரும் இல்லை."

"பின்ன யாருதான் பார்த்தது?"

"காவியம்னா சிங்கம் இருக்கணும்மா! அது மரபு!"

"இருக்கட்டும், இருக்கட்டும். பழம் விழலையே, நான் என்ன பண்ண? நாலு பேர்கிட்ட படிச்சுக் காட்டு. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுத் திருத்தி எடுத்துக்கிட்டு வா."

நாலு பேர்! அந்த நாலு பேரைத் தேடிப் போய் அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல!

முதலில் கரடியிடம் போனான். கரடி மல்லாந்து படுத்துக்கொண்டு காவியம் கேட்டது. நடுவில் இரண்டு தடவை குறட்டை விட்டது. முடிந்ததும் எழுந்து உட்கார்ந்தது.

"எல்லாம் சரி தம்பி. உன் சிங்கம் எதையும் சாப்பிடவே மாட்டேங்குதே?"

"போருக்குப் போயிருக்கு அண்ணே! திக்விஜயம்!"

"வயித்துல ஒண்ணும் இல்லாம எப்படிப் போருக்குப் போகும்? ஒரு தேன்கூடு வை. போர் ஆரம்பிக்கிறப்ப ஒண்ணு, முடியறப்ப ஒண்ணு. அப்புறம் பாரு கதையை!"

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தேன்கூடுகளை வைத்தான்.

அடுத்தது மயில். ஓலைக்கட்டை அவிழ்ப்பதற்குள் "அருமை! அருமை! பிரமாதம்!" என்று கத்தியது மயில்.

"இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லையே!"

"உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதேப்பா! சரி, என் தோகையைப் பத்தி எந்த இடத்துல வருது?"

"உங்க தோகையா? அது இதுல வரலையே..."

"வரலையா?" மயிலின் முகம் சுருங்கிவிட்டது. "அப்படின்னா கதையில ஏதோ குறையுது. என்னன்னு சொல்லத் தெரியலை."

தோகையைப் பற்றி நாலு வரி சேர்த்தான். சிங்கத்தின் போர்க்களத்தில் மயில் ஆடியது. ஏன் ஆடியது என்று எழுதியவனுக்கே தெரியவில்லை.

நரி இருந்ததே, அது காட்டிலேயே பெரிய விமர்சகர். பாறை மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். பிறந்ததிலிருந்து ஒரு வரி எழுதினதில்லை. ஆனால் எழுதியவர்களை எல்லாம் ஒரு கை பார்த்துவிடும்.

"இந்தச் சிங்கம் எதைக் குறிக்குது?" என்று கேட்டது நரி.

"சிங்கம் சிங்கத்தைத்தாங்க குறிக்குது."

"அங்கதான் தப்பு பண்ணிட்டே! கேட்டவுடனே புரியற மாதிரியா எழுதுறது? கடைசியில இருக்கிறதைத் தூக்கி முதல்ல போடு. சிங்கம் சாகட்டும், அப்புறம் பிறக்கட்டும்."

"அப்ப கேட்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாதேய்யா!"

"புரியாதுல்ல? அப்பத்தான் நாலு பேரு உன்னை மதிப்பான்."

குப்பாண்டிக்குக் காதிலிருந்து புகை வராத குறை. முள்ளெல்லாம் சலசலவென்று ஆடியது. இருந்தாலும் பெரிய விமர்சகர் சொல்லிவிட்டாரே! சாவை முன்னே போட்டான், பிறப்பைப் பின்னே போட்டான். நடுவில் தேன்கூடும் தோகையும் கிடந்தன.

மறுபடி மரத்தடி. மறுபடி உச்சி வெயில். பவளமூக்கி பாதி கேட்கும்போதே இறக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை தூக்கம் வந்துச்சுப்பா. இந்தத் தடவை மண்டையை இடிக்குது! செத்துப்போன சிங்கம் எதுக்குத் தேன் குடிக்குது?"

"நீங்கதானேம்மா நாலு பேரைக் கேட்டுத் திருத்தச் சொன்னீங்க!"

"கேட்கச் சொன்னேன். நாலு பேரையும் ஓலைக்குள்ள கொண்டுவந்து குடிவைக்கச் சொன்னேனா? மேலே பாரு. உச்சிக் கிளையில கொஞ்சம் பழம்தான் மிச்சம். அது தீர்ந்ததும் நாங்க கிளம்பிடுவோம். சீக்கிரம் வா."

குப்பாண்டி சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்தான். தேன்கூட்டைத் தூக்கி எறிந்தான். தோகையை வெட்டினான். சிங்கத்தை முதலில் பிறக்க வைத்து, கடைசியில் சாகடித்தான். முழுக் காவியத்தையும் புது ஓலையில் எழுதி, கொடியால் அழகாகக் கட்டி, ஒரு பனைமரத்தடியில் வைத்தான். தொண்டை வறண்டுபோயிருந்தது. ஓடைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினான்.

மரத்தடியில் யானை நின்றுகொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஒரு கொடித்துண்டு தொங்கியது.

"அக்கா! இங்க ஒரு ஓலைக்கட்டு வெச்சிருந்தேனே!"

"அதுவா? யாரோ எனக்குன்னு கட்டி வெச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டேன் தம்பி."

"அய்யோ! அதுல எழுதியிருந்துச்சுக்கா!"

"அப்படியா? நான் எங்க அதையெல்லாம் பார்த்தேன்! கொஞ்சம் காய்ஞ்சு போயிருந்துச்சு. அடுத்த தடவை பச்சை ஓலையா வை, என்ன?" என்று சொல்லிவிட்டு யானை ஆடி அசைந்து போய்விட்டது.

குப்பாண்டி தரையில் விழுந்து புரண்டான். முள்ளில் சருகெல்லாம் குத்திக்கொண்டு, நடமாடும் குப்பைமேடு மாதிரி எழுந்தான். நேராக ஆலமரத்துக்கு ஓடினான். அங்கே கிளிகள் புறப்படத் தயாராக இருந்தன. மரத்தில் ஒரே ஒரு பழம்தான் மிச்சம். அது பவளமூக்கியின் காலில் இருந்தது.

"வாப்பா. எங்கே ஓலை?" என்றாள் அவள், பழத்தை ஒரு கொறி கொறித்து.

அவ்வளவுதான். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவனுக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஓலையா? ஓலை யானை வயித்துல இருக்கு! போய்க் கேளுங்க! ஒரு வரி கூடப் படிக்காம முழுசாத் தின்னுட்டு, காய்ஞ்சு போச்சுன்னு குறை வேற சொல்லுது! சிங்கமாம் சிங்கம்! பிறந்ததிலிருந்து ஒரு சிங்கத்தோட வாலைக் கூட நான் பார்த்ததில்லை. அதுக்குப் போயி பிடரியை வர்ணிச்சு வர்ணிச்சு என் முள்ளெல்லாம் தேய்ஞ்சு போச்சு! கரடிகிட்ட போனா தேன் வைங்கிறான். போர்க்களத்துல எவன்டா தேன் நக்குவான்? மயில்கிட்ட போனா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அருமைங்கிறான். கட்டை அவிழ்க்கிறதுக்குள்ள என் தோகை எங்கேங்கிறான்! அந்த நரி... ஒரு வரி எழுதத் துப்பில்லை, செத்த பிறகு பிறக்கச் சொல்றான்! அவனை முதல்ல செத்துட்டுப் பிறந்து காட்டச் சொல்லுங்க!"

மூச்சு வாங்கியது. இரண்டு தடவை இருமினான். முள்ளெல்லாம் சலசலவென்று ஆடியது.

"உங்களைப் பார்க்கிறதுக்காக என் பகல் தூக்கம் போச்சு! கண்ணு ரெண்டும் கோவைப்பழமா ஆயிடுச்சு! இந்தக் காட்டுல என் கதையை முழுசா உட்கார்ந்து கேட்டது ஒரே ஒருத்தி. என் பெண்டாட்டி சடைச்சி. மூக்குல மண்ணோட உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டா. கேட்டுட்டு நல்லா இல்லைன்னு சொன்னா. உண்மையைச் சொன்னா! அவளைத்தான் நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்தேன்! ஊரெல்லாம் சுத்தி உளறலைக் கேட்டுத் திருத்தினவன், வீட்டுல சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்கலை! போடா குப்பாண்டி! போயி மண்ணைத் தோண்டு! உனக்கு அதுதான் லாயக்கு!"

அத்தனை கிளியும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவனையே பார்த்தன.

பொத்தென்று ஒரு பழம் குப்பாண்டியின் மூக்கில் விழுந்தது.

"பழத்தை வேற எடுத்து எறியறீங்களா? எறிங்க, நல்லா எறிங்க!" என்று கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

வளைக்கு வந்தவன் எழுத்தாணி முள்ளை இரண்டாக ஒடித்தான். மண்ணுக்குள் தலையை விட்டுத் தோண்ட ஆரம்பித்தான். சடைச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவனுக்குத் தோற்றது கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அவள் ஒன்றும் கேட்காததுதான் தாங்கவில்லை.

மறுநாள் இருவரும் தோண்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு குரல் கேட்டது.

"ஓலையா? ஓலை யானை வயித்துல இருக்கு! போய்க் கேளுங்க!"

குப்பாண்டி கை நின்றுவிட்டது. இன்னொரு மரத்திலிருந்து இன்னொரு குரல், "சிங்கமாம் சிங்கம்!" என்றது. மூச்சு வாங்கின இடத்தில் கிளிகள் மூச்சு வாங்கின. இருமின இடத்தில் இரண்டு தடவை இருமின. முள் ஆடின சலசலப்பைக் கூட விடவில்லை!

"அய்யய்யோ! கரடி வந்து என்னை நசுக்கிடுவான்! நரி சும்மா விடுவானா?" என்று வளையின் மூலைக்குப் போய் உருண்டு படுத்தான் குப்பாண்டி.

சொன்னபடியே கரடி வந்தது. வளைவாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"தம்பி! போர்க்களத்துல தேன் கேட்ட அந்தக் கரடி, மேட்டுப்பாறையில இருக்கிற என் மச்சான்தானே? அவனேதான்! அச்சு அசல் அப்படியே சொல்லிட்டே!"

மயில் வந்தது. "அந்த மயிலைப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! சிலதுங்க அப்படித்தாம்ப்பா, தன் தோகையை விட்டா வேற பேச்சே தெரியாது!"

நரி வந்து தொண்டையைச் செருமியது. "பரவாயில்லை. அக்கரைப் பக்கத்து நரியைக் கிழிச்சிருக்கே. அவனுக்கு வேணும்!" யானையும் வந்து, "படிக்காம தின்னுதாமே, அறிவு கெட்ட ஜென்மம்!" என்று வருத்தப்பட்டது.

எல்லாரும் போன பிறகு பவளமூக்கி வந்து இறங்கினாள். "ஏய்யா, நேத்து ஏன் ஓடிப்போனே? பழம்தான் விழுந்துச்சே!"

"நீங்க கோவத்துல எறிஞ்சீங்கன்னு நினைச்சேன்மா!"

"மரத்துல இருந்ததே அது ஒண்ணுதான்! கடைசிப் பழத்தை எவளாவது எறிவாளா? என்னை மறந்து விட்டுட்டேன்யா! பசியோட நிற்கிறேன். இதோ கிளம்பிட்டோம். ஏழு காட்டுக்கும் கொண்டுபோறோம், குப்பாண்டி கதைன்னு சொல்லி."

"குப்பாண்டியா? அம்மா, என் புனைபெயர் கூர்வாணன்..."

"நீ சொன்னது 'போடா குப்பாண்டி'ன்னுதானே? கேட்டதைக் கேட்டபடிதான் சொல்லுவோம்!" என்று விருட்டென்று பறந்துவிட்டாள்.

சடைச்சி மட்டும் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கிளி ஒன்று சொல்லிக்கொண்டே போனது: "...மூக்குல மண்ணோட உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டா. கேட்டுட்டு நல்லா இல்லைன்னு சொன்னா. உண்மையைச் சொன்னா!" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மண் அப்பியிருந்ததால் துடைத்தாளா, கண்ணீர் வந்ததால் துடைத்தாளா, குப்பாண்டி கேட்கத் துணியவில்லை.

"இதை வீட்டுல வந்து என்கிட்ட சொல்றதுக்கென்ன? காடு பூராவும் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள்.

"தப்புதான் சடைச்சி. நல்லா இருந்துச்சா?"

"இது நல்லா இருந்துச்சு!" என்று சிரித்துவிட்டு, தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். "சொன்ன சொல்லு சொன்னதுதான். எழுதுங்க. நானே தோண்டிக்கிறேன்."

குப்பாண்டி முள்ளை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டான். "வளை முடியட்டும். அப்புறம் எழுதலாம். அடுத்தது என்ன தெரியுமா? ஒரு காட்டில் இரண்டு சிங்கங்கள்..."

சடைச்சியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"இல்லை, இல்லை! இடிஞ்சுபோன ஒரு வளை!" என்று அலறிவிட்டு, அவன் அவளோடு சேர்ந்து மண்ணைத் தள்ளினான்.

காணாத சிங்கத்தை ஊரார் சொன்னபடியெல்லாம் மாற்றி மாற்றிப் பாடுகிறவன் கதையைவிட, தான் பட்ட பாட்டை உள்ளது உள்ளபடி சொல்கிறவன் கதைதான் கேட்பவர் நெஞ்சில் ஏறும்.